பொல்காவலையில் பிரியும் பாதை

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தின் வாசலில் ஹென்றி ஒல்கொட்டின் சிலை நிற்கிறது. 1880-இல் இலங்கைக்கு வந்து, பௌத்த பாடசாலைகள் எழுவதற்கு முன்னின்ற அமெரிக்கர் அவர். ரயில் ஏற வருகிறவர்கள் அவரைக் கடந்துதான் உள்ளே நுழைகிறார்கள். பாடசாலைகளுக்காக உழைத்த ஒருவருக்கு ரயில் நிலையத்து வாசலில் இடம் கொடுத்தது எனக்கு மிகப் பொருத்தமாகவே படுகிறது. இந்த நாட்டில் படிப்பும் தண்டவாளமும் நூறு வருடங்களுக்கு மேலாகச் சேர்ந்தே ஓடி வந்திருக்கின்றன. வடக்கே போகும் பாதையில் இதை வேறெந்த இடத்தையும் விடத் தெளிவாகக் காணலாம்.

யாழ்தேவி நிற்கும் மேடையில் காலையிலேயே கூட்டம். வெள்ளவத்தையில் பிள்ளைகளோடு சில நாள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பும் தாய்மார், வெளிநாட்டிலிருந்து வந்து பெரிய பயணப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடக்கும் குடும்பங்கள், நயினாதீவு விகாரைக்குப் போகும் சிங்கள யாத்திரிகர்கள், விடுமுறை முடிந்து முகாமுக்குத் திரும்பும் இராணுவத்தினர். இவர்களுக்கு நடுவே முதுகுப்பை மாட்டிய மாணவர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விடுமுறை முடியும் காலமென்றால் பெட்டிக்குப் பெட்டி அவர்கள்தான்.

யாழ்தேவி 1956 ஏப்ரல் 23 அன்று ஓடத் தொடங்கியது. அதற்கு முன்பிருந்தே இரவு மெயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்று குளிரூட்டிய நகர்சேர் கடுகதியும் உண்டு. ஆனால் இந்தப் பாதையை அறிய விரும்புகிறவர் யன்னல் திறக்கக்கூடிய இரண்டாம் வகுப்புப் பெட்டியில் பகல் நேரத்தில் போகவேண்டும். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். ஏழெட்டு மணிநேரம் பிடிக்கும். அந்த நேரத்துக்குள் ஈரநாடு வறள்நாடாகும், தென்னை பனையாகும், அறிவித்தல்களின் மொழி மாறும்.

என் எதிர்க் கதிரையில் மீசாலையைச் சேர்ந்த ஒரு முதியவர் இருந்தார். அறுபதுகளில் பேராதனையில் படித்தவர். கொழும்பில் ஓர் அரச திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மடியில் வெள்ளவத்தைக் கடையொன்றில் கட்டிய இடியப்பப் பார்சல்.

“கோச்சிப் பயணம் எண்டால் எனக்குப் பஸ்ஸை விடச் சுகம், தம்பி. காலை நீட்டி இருக்கலாம். நாலு பேரோட கதைக்கலாம்” என்றார்.

களனி ஆற்றைக் கடந்ததும் வயல்கள் தொடங்கின. றாகமை, கம்பஹா, வேயங்கொடை, மீரிகமை. இலங்கையின் மிகப் பழைய பாதை இது. கொழும்பிலிருந்து 1865-இல் அம்பேபுஸ்ஸ வரைக்கும், 1867-இல் கண்டி வரைக்கும் ரயில் ஓடியது. மலையகத்துக் கோப்பியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருவதற்காக ஆங்கிலேயர் போட்ட பாதை. தோட்டங்களுக்கு ரயில் வந்து முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்த பிறகே யாழ்ப்பாணத்தின் முறை வந்தது.

பொல்காவலைச் சந்தியில் வண்டி நின்றபோது முதியவர் யன்னலோரம் வந்து மேடையைப் பார்த்தார். இங்கேதான் பாதை பிரிகிறது. ஒன்று கிழக்கே மலையேறிக் கண்டிக்கும் பதுளைக்கும் போகிறது. மற்றது வடக்கே திரும்புகிறது.

“நாங்கள் பேராதனைக்குப் போறதெண்டால் இதிலதான் இறங்கி மாற வேணும். இரவு மெயிலில வந்தால் விடியப்புறம் இறக்கி விடும். நல்ல குளிர். பெட்டியைத் தலைமாட்டில வைச்சுக்கொண்டு வாங்கில கிடப்பம். கண்டிக் கோச்சி வந்தவுடன ஒருத்தனை ஒருத்தன் எழுப்பி ஏத்துவம். இந்த மேடையில எத்தினை யாழ்ப்பாணப் பெடியள் நித்திரை கொண்டிருப்பாங்கள்!”

அவர் சொன்னதில் ஒரு தலைமுறையின் வரலாறு இருக்கிறது. இலங்கைப் பல்கலைக்கழகம் 1942-இல் கொழும்பில் தொடங்கியது. பத்து வருடங்களின் பின் 1952-இல் மகாவலிக் கரையிலுள்ள பேராதனைக்குப் பெயர்ந்தது. அந்த வளாகத்துக்கென்றே ‘சரசவி உயன’ என்ற சிறு ரயில் நிலையம் இருக்கிறது. வடக்கிலிருந்து போன மாணவர்கள் பொல்காவலையில் மாறி அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பின்னாளில் தமிழ்த் திறனாய்வின் போக்கையே மாற்றிய க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் ஐம்பதுகளில் அங்கே மாணவர்கள். சு. வித்தியானந்தன் அங்கே ஆசிரியர். கிராமங்களில் விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைப் பல்கலைக்கழக மேடைக்கு அவர் கொண்டுவந்தார். 1962-இல் ‘கர்ணன் போர்’, பின்னர் ‘இராவணேசன்’. மட்டக்களப்புக் கூத்தின் ஆட்டத்தை யாழ்ப்பாண மாணவர்கள் மலைநாட்டின் வளாகமொன்றில் கண்டு வியந்தார்கள்.

“இராவணேசன் பார்த்தனான். ஆட்டம் முடிஞ்சும் சனம் எழும்பேல்லை” என்றார் முதியவர். வண்டி வடக்குப் பாதைக்குத் திரும்பியது.

பொல்காவலையைத் தாண்டியதும் ஒற்றைப் பாதை. எதிரே வரும் வண்டிக்கு வழிவிட ஏதாவது ஒரு சிறு நிலையத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். குருநாகலின் யானைப்பாறை பின்னே மறைந்து, நிலம் சமமாகி, வாகையும் பாலையும் தென்படத் தொடங்கும்போது அப்படி ஓரிடத்தில் நின்றோம். அந்த நேரத்துக்காகவே காத்திருந்த வடை வியாபாரி பெட்டிக்குள் ஏறினார். “வடே, வடே, இஸ்ஸோ வடே!” கூடை நிறையப் பருப்பு வடையும் இறால் வடையும். தட்டையாகச் சுட்ட வடையின் மேல் முழு இறால், தலையும் காலும் மொறுமொறுப்பாகப் பொரிந்திருக்கும். பக்கத்தில் வெட்டிய வெங்காயமும் காய்ந்த மிளகாய்ப் பொரியலும்.

அவர் வடையைப் போட்டுத் தந்த கடதாசிப் பை, ஒரு பிள்ளையின் பரீட்சைத்தாளை மடித்து ஒட்டியது. கணிதம். முக்கோணம் ஒன்றின் கோணங்களைக் காணும் கேள்வி, வழிமுறை சிங்களத்தில், பக்கத்தில் ஆசிரியர் சிவப்பு மையில் போட்ட சரி. எண்ணெய் ஊறிய இடத்தில் மறுபக்கத்துக் கணக்கும் தெரிந்தது. இலங்கையின் பஸ் நிலையங்களிலும் ரயில்களிலும் தின்பண்டம் வாங்குகிற எல்லோருக்கும் இது பழக்கமான காட்சி. நான் அந்தத் தாளைக் கசக்கி எறியாமல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகை என்பதை மிகக் கவனமாக எழுதியிருந்தது அந்தக் கை. யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் ரியூசனுக்கு ஓடும் பிள்ளையும், கல்கமுவவில் வயலோரமாகப் பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையும் ஒரே உயர்தரப் பரீட்சைக்குத்தான் படிக்கிறார்கள். ஒரே பல்கலைக்கழகக் கதவைத்தான் தட்டுகிறார்கள்.

மாகோவில் ஒரு மாணவி ஏறினாள். பெரிய பை, கையில் வரைபடங்கள் சுருட்டிய நீளக் குழாய். எங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்ததும் முதியவர் அரைகுறைச் சிங்களத்தில் விசாரித்தார். அவள் தமிழில் பதில் சொன்னாள்: “நான் கிளிநொச்சியில படிக்கிறது, அங்கிள். இன்ஜினியரிங் பகல்ட்டி.” வீடு குருநாகல் மாவட்டம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. தமிழ் எங்கே படித்தாய் என்று கேட்டேன். கன்ரீனிலும் விடுதியிலும் என்றாள். முதியவர் பார்சலை அவிழ்த்து அவளுக்கு இரண்டு இடியப்பமும் சம்பலும் எடுத்து வைத்தார். அவள் தயங்கினாள். “சாப்பிடு பிள்ளை, பசியோட படிக்கேலாது” என்றார்.

அந்த இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தபோது இந்தப் பயணத்தின் பொருள் எனக்குத் துலங்கியது. அறுபது வருடங்களுக்கு முன்பு அவர் படிப்பதற்காக வடக்கிலிருந்து தெற்கே போனார். இன்று அவள் படிப்பதற்காகத் தெற்கிலிருந்து வடக்கே போகிறாள். இருவரையும் சுமந்தது ஒரே பாதை. நடுவில் போரினால் அந்தப் பாதை இருபத்து நான்கு வருடங்கள் அறுந்து கிடந்தது.

ரயில் வருவதற்கு முன்பு யாழ்ப்பாணத்துக்குக் கொழும்பு மிகத் தூரம். வன்னிக் காட்டினூடே வண்டில் பாதை, அல்லது கப்பல். சென்னையோ பாய்க்கப்பலில் போய்வரும் அயல். 1823-இல் அமெரிக்க மிசனரிகள் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி, ஆசியாவிலேயே அந்நாளில் பேர்பெற்ற கல்விக்கூடங்களுள் ஒன்று. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகம் பிறந்தபோது அதன் முதல் பட்டதாரிகளாக வந்த சி.வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். பட்டம் என்றால் சென்னை, அச்சுக்கூடம் என்றால் சென்னை, உத்தியோகம் என்றாலும் பலருக்குத் தமிழகமே. யாழ்ப்பாணத்துக் கல்வியின் முகம் கடலைப் பார்த்திருந்தது.

அந்த முகத்தைத் தெற்கே திருப்பியது ரயில். காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே 1902-இல் வண்டி ஓடியது. தெற்கிலிருந்து வந்த பாதை 1904-இல் அனுராதபுரத்தைத் தொட்டது. 1905 ஓகஸ்ட் 1 அன்று இரண்டும் இணைந்து கொழும்பும் யாழ்ப்பாணமும் ஒரே பாதையில் வந்தன. அதன்பின் ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞனின் வாழ்க்கை இந்தத் தண்டவாளத்தை ஒட்டியே அமைந்தது. ‘கோழி மேய்ச்சாலும் கோறணமேந்தில மேய்க்க வேணும்’ என்று, அரசாங்க உத்தியோகத்தையே பெரிதாக எண்ணிய ஊர் சொன்னது. கொழும்பில் வேலை, ஊரில் குடும்பம், மாதம் பிறந்தால் மணியோடர், தவணை விடுமுறைக்கு ரயில். தண்ணீருக்குக் கிணற்றை நம்பிய, ஆறில்லாத ஒரு நாடு அந்த மணியோடர்ப் பணத்தில் வீடு கட்டியது, பிள்ளைகளைப் படிப்பித்தது, கோயில் திருவிழா செய்தது.

அந்த வாழ்க்கையில் முதல் பெரிய விரிசல் பல்கலைக்கழக வாசலில்தான் விழுந்தது. 1971-இல் வந்த தரப்படுத்தலின்படி பேராதனைப் பொறியியல் பீடத்துக்குத் தமிழ்மொழி மாணவர் 250 புள்ளிகள் எடுக்கவேண்டும். சிங்களமொழி மாணவருக்கு 227 போதும். பின்னர் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகளுக்கு அது கதவு திறந்தது உண்மை. ஆனால் மொழியை வைத்துப் புள்ளி கூட்டிக் குறைத்த அந்த முதல் வருடத்தின் காயம் ஒரு தலைமுறையை ரயிலிலிருந்தே இறக்கிவிட்டது. நான் பேசிக் கேட்ட எத்தனையோ பேர் தங்கள் அரசியலின் தொடக்கமாகச் சொன்னது அந்தப் புள்ளிகளைத்தான்.

அனுராதபுரத்தில் மலர்த்தட்டோடு யாத்திரிகர்கள் இறங்கினார்கள். மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றரும் அண்மையில் இந்திய உதவியோடு புதுப்பிக்கப்பட்டவை. அந்த வேலைக்காக 2023-இலும் 2024-இலும் நேரடிச் சேவை மாதக்கணக்கில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று இந்தியப் பிரதமர் மோடியும் ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவும் அனுராதபுரத்தில் அதைத் தொடங்கிவைத்தார்கள். ஆட்டம் குறைந்து வண்டி வேகம் பிடித்தது. மதவாச்சியில் ஒரு பாதை மன்னாரை நோக்கிப் பிரிந்தது. 1914-இல் தலைமன்னார் வரை போன பாதை அது. அங்கிருந்து கப்பலில் தனுஷ்கோடி, பிறகு மீண்டும் ரயில், சென்னை. 1964-இன் புயல் தனுஷ்கோடியை அழிக்கும்வரை அந்த வழி இருந்தது.

வவுனியா. வளாகமாக இருந்த இவ்விடத்துக் கல்விநிலையம் 2021 ஓகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகம். இங்கே மாணவர்கள் பலர் இறங்கினார்கள். அடுத்தது ஓமந்தை.

ஓமந்தையைத் தாண்டும்போது முதியவர் பேச்சை நிறுத்திவிட்டார். 1985 ஜனவரியில் கொக்காவில் பகுதியில் யாழ்தேவி குண்டுவெடிப்பில் சிக்கியது. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான ரயில் முற்றாக நின்றது. அதன்பின் கொழும்புக்குப் போகவேண்டிய மாணவர்கள் கிளாலிக் கடலேரியை இரவில் வள்ளத்தில் கடந்தார்கள். பிறகு திருகோணமலைக்குக் கப்பலில் போனார்கள். 2002-இல் சமாதானம் வந்தபோது ஏ-9 வீதியில் ஓமந்தைச் சாவடியில் இறங்கி வரிசையில் நின்றார்கள். 2006 ஓகஸ்டில் அந்த வீதியும் பூட்டப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளின் கூரையாயின. சிலிப்பர்க் கட்டைகள் போயின. பாதை இருந்த இடத்தில் காடு மூடியது. குடாநாட்டில் இடம்பெயர்ந்தவர்கள் குடிசை போட்டார்கள். ரயிலையே காணாத ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்தில் வளர்ந்தது. வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியபின் காவலற்ற கடவைகளில் நேர்ந்த உயிரிழப்புகளுக்கு அதுவும் ஒரு காரணம். அந்தக் கடவைகளுக்குப் படலையும் காவலாளும் போடவேண்டிய கடமை இன்னும் முழுதாக நிறைவேறவில்லை.

போருக்குப் பின் இந்தியாவின் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் வடக்கின் பாதைகளை மீளக் கட்டியது. ஓமந்தையிலிருந்து பளை வரை 90 கிலோமீற்றர், பளையிலிருந்து காங்கேசன்துறை வரை 56 கிலோமீற்றர். 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 மார்ச்சில் பளைக்கும், 2014 ஒக்டோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கும் வண்டி வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை.

முறிகண்டியில் பிள்ளையார் கோயில் திசையை நோக்கி முதியவர் கைகூப்பினார். அந்த மாணவியும் எழுந்து பையைச் சரிசெய்தாள். அடுத்தது அறிவியல்நகர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இங்கே இருக்கின்றன. யன்னலுக்கு வெளியே கட்டடங்கள் தெரிந்தன. எல்லா வண்டிகளும் இங்கே நிற்பதில்லை; கிளிநொச்சியில் இறங்கி பஸ்ஸில் திரும்பி வருவேன் என்றாள்.

இந்த இடத்தில் நினைக்கவேண்டியவர் பேராசிரியர் அ. துரைராசா. வடமராட்சியில் பிறந்து, கேம்பிரிட்ஜில் மண் பொறியியலில் ஆய்வு செய்தவர். ஈரக் களிமண் பாரத்தின்கீழ் எப்படி இளகுகிறது என்பது குறித்து ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோரோடு அவர் 1963-இல் வெளியிட்ட ஆய்வு, உலகெங்கும் மண் பொறியியல் மாணவர்கள் இன்றும் படிக்கும் அடிப்படைகளில் ஒன்று. அணைக்கட்டும், வீதியும், ரயில் பாதைக்குப் போடும் மண்மேடும் நிற்பது அந்த அறிவில்தான். பேராதனையில் பொறியியல் பீடாதிபதியாக இருந்த அவர், 1988-இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். அது யுத்தத்தின் நடுப்பகுதி. எரிபொருளுக்குத் தடை. துணைவேந்தர் சைக்கிளில் வளாகத்துக்குப் போய்வந்ததை யாழ்ப்பாணத்தார் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். வடக்குக்கு ஒரு பொறியியல் பீடம் வேண்டும் என்று உழைத்த அவர் 1994-இல் மறைந்தார். அது எழுந்து நிற்பதைக் காணக் கொடுத்துவைக்கவில்லை.

கைலாசபதி 1974-இல் யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவராக வந்தார். வித்தியானந்தன் 1979-இல் அது தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார். துரைராசா 1988-இல். மூவரும் பேராதனையில் படித்தோ படிப்பித்தோ பேர்பெற்றவர்கள். மூவரும் தங்கள் உழைப்பின் முற்றிய பருவத்தை வடக்குக்குக் கொடுத்தார்கள். பொல்காவலையில் பிரியும் பாதையின் இரு கிளைகளையும் இணைத்தவர்கள் அவர்கள்.

கிளிநொச்சியில் மாணவி இறங்கினாள். “போயிட்டு வாறன் அங்கிள்” என்றாள். “நல்லாப் படி பிள்ளை” என்றார் முதியவர். அவள் மேடையில் நின்று வண்டி புறப்படும்வரை கையசைத்தாள்.

பரந்தனுக்குப் பின் வெளி விரிகிறது. ஆனையிறவில் இருபுறமும் கடலேரி, உப்பளம், நீரில் ஒற்றைக் காலில் நிற்கும் நாரைகள், காற்றில் உவர்வாடை. இந்தக் கழுத்துப் பகுதிக்காகப் போரில் விழுந்த உயிர்கள் ஆயிரக்கணக்கானவை. இங்குள்ள புதிய ரயில் நிலையம் நாடெங்கும் உள்ள மாணவர்களும் ஆசிரியர்களும் கொடுத்த பணத்தில் எழுந்தது. தெற்கில் ஏதோ ஒரு வகுப்பறையில் ஒரு பிள்ளை கொடுத்த சில்லறை, இந்த உப்பு வெளியில் ஒரு சுவராக நிற்கிறது.

பிறகு குடாநாடு. பளையின் தென்னந்தோட்டங்கள், எழுதுமட்டுவாள், மிருசுவில், கொடிகாமம். வேலியோரப் பனைகள், கிடுகு வேலிகளின் இடத்தில் மதில்கள், தோட்டங்களில் புகையிலையும் வெங்காயமும். மீசாலையில் முதியவர் இறங்க ஆயத்தமானார். பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். ஒருவர் லண்டன், ஒருவர் ரொறன்ரோ. “நான் கோச்சியில போய்ப் படிச்சனான். அவையள் படிக்கிற வயசில கோச்சி இல்லை. அதால பிளேனில போயிட்டினம்” என்றார். எவரையும் நோகாமல் சொன்ன அந்த மூன்று வசனங்களில் புலம்பெயர்வின் காரணம் முழுவதும் அடங்கியிருந்தது.

நாவற்குழிப் பாலத்தில் கடலேரியைக் கடந்து, புங்கன்குளம் தாண்டி, யாழ்ப்பாணம். குண்டுகளால் சிதைந்து கிடந்த பழைய நிலையத்தின் இடத்தில் புதுக் கட்டடம். பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் இங்கே இறங்கி ஓட்டோ பிடிக்கலாம். கொக்குவிலில் நிற்கும் வண்டியென்றால் அங்கே இறங்குவது கிட்ட.

திருநெல்வேலியில் இராமநாதன் வீதியில் இருக்கிறது வளாகம். பொன்னம்பலம் இராமநாதன் 1921-இல் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் கட்டடங்களில்தான் 1974 ஒக்டோபரில் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது. கல்லூரிக்காலத்துப் பரமேஸ்வரன் கோயில் இன்னும் நடுவே நிற்கிறது. அதைச் சுற்றி விரிவுரை மண்டபங்கள், நூலகம், கைலாசபதி கலையரங்கு. 2021 ஜனவரியில் ஓர் இரவில் இடிக்கப்பட்டு, மாணவர்களின் எதிர்ப்புக்குப் பின் மீண்டும் கட்டப்பட்ட முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் இங்கேதான்.

நான் போன பிற்பகலில் மரநிழலில் மாணவர்கள் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். தமிழ், சிங்களம், முஸ்லிம் மாணவிகளின் பேச்சு, நடுநடுவே ஆங்கிலம். இந்தக் கலப்பு எளிதாக வந்ததில்லை. 2016 ஜூலையில் புதுமுக மாணவர் வரவேற்பில் கண்டிய நடனம் குறித்துத் தொடங்கிய தர்க்கம், விஞ்ஞான பீடத்தில் தமிழ், சிங்கள மாணவர் மோதலாக முடிந்தது. அதே வருடம் ஒக்டோபரில் கொக்குவில் குளப்பிட்டியில் இந்தப் பல்கலைக்கழக மாணவர் இருவர் பொலிஸாரின் சூட்டில் இறந்தபோது, நீதி கேட்டுத் தெற்கின் மாணவர் அமைப்புகளும் குரல் எழுப்பின. மூன்று மாத இடைவெளியில் நடந்த இந்த இரண்டையும் ஒருசேர நினைவில் வைத்திருக்கவேண்டும். சேர்ந்து படிப்பதால் மட்டும் பகை தீர்ந்துவிடாது. ஆனால் சேர்ந்து படிக்காதவர்கள் ஒருவருக்காக ஒருவர் குரல் எழுப்புவது அரிது.

அடுத்த நாள் காங்கேசன்துறை வரை மிச்சப் பாதையையும் போய்ப் பார்த்தேன். கோண்டாவில், இணுவில், சுன்னாகம், மல்லாகம், தெல்லிப்பழை, மாவிட்டபுரம். பல வருடங்கள் உயர்பாதுகாப்பு வலயமாக மூடிக்கிடந்த ஊர்களினூடாக வண்டி போகிறது. கூரையிழந்த வீடுகளுக்கிடையே புதிதாகக் கட்டிய வீடுகள். தண்டவாளம் முடிகிற இடத்துக்கு அப்பால் துறைமுகம். நாகப்பட்டினத்திலிருந்து பயணிகள் கப்பல் 2023 ஒக்டோபரில் இங்கே வந்தது. நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. தாமோதரம்பிள்ளையின் காலத்து வடதிசை வழி திறந்திருக்கிறது. 1905-இன் தென்திசை வழியும் திறந்திருக்கிறது. 

ஆகவே இந்தப் பாதையை வைத்திருக்கிறவர்கள் அதை மாணவர்களின் பாதையாகவும் எண்ணி நடத்தவேண்டும். பல்கலைக்கழகங்கள் மூடித் திறக்கும் நாள்களைப் பார்த்து மேலதிக வண்டி விடலாம். கடுகதிகளில் ஒன்றையாவது அறிவியல்நகரில் நிறுத்தலாம். மட்டக்களப்பு, திருகோணமலை மாணவர்கள் யாழ்ப்பாணம் வர மாகோவில் மாறவேண்டியிருக்கிறது. அந்த இரண்டு வண்டிகளின் நேரத்தைப் பொருத்தினாலே கிழக்கின் பிள்ளைகள் நீண்ட பஸ் பயணத்திலிருந்து தப்புவார்கள். அறிவித்தல்கள் கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வரை மூன்று மொழியிலும் ஒரே தரத்தில் கேட்கவேண்டும். பெருஞ்செலவு வேண்டாத காரியங்கள் இவை. நேர அட்டவணை எழுதுகிறவரின் மேசையில் முடியக்கூடியவை.

பல்கலைக்கழகம் கட்டடத்தால் மட்டும் வாழ்வதில்லை. அதற்கு வந்துபோகும் வழி வேண்டும். பேராதனைக்கு அந்த வழி முதல் நாளிலிருந்தே இருந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தன் வாழ்நாளின் பாதியளவு அது இல்லாமலே பிள்ளைகளைப் படிப்பித்து, பரீட்சை நடத்தி, பட்டம் கொடுத்து நின்றது. வழி இல்லாதபோதே அவ்வளவு செய்த ஒரு கல்விக்கூடம், வழி இருக்கும்போது இன்னும் எவ்வளவோ செய்யும். அந்த வழி இனி ஒருநாளும் அறுந்துபோக விடக்கூடாது.